பெண்ட்லிக்குத் துருத்தி பூட்டிய கதை

கொல்லன் உலையில் துருத்தி செய்யும் பணியை மோட்டார் எஞ்சினில் செய்வது சூப்பர்சார்ஜர். எஞ்சின் தானே இழுக்கும் காற்றுக்கும் மேலாக, இது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அதற்கேற்பப் பெட்ரோலும் மிகுதியாய் எரிய, வலு கூடும், வெப்பமும் கூடும். தொல்லை அங்கேதான்.

பிரான்சின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயத்தை 1928-இல் வென்றது, இங்கிலாந்தின் பெண்ட்லி 4½ லிட்டர் வண்டி. அதற்குத் துருத்தி பூட்ட விழைந்தார் பந்தய வீரர் பர்க்கின். வண்டியைப் படைத்த டபிள்யூ. ஓ. பெண்ட்லி உடன்படவில்லை, வலு வேண்டுமாயின் எஞ்சினையே பெரிதாக்குக என்பது அவர் கட்சி. ஆயினும் டோரதி பாஜெட் என்னும் செல்வச் சீமாட்டி பொருளுதவ, ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் துருத்தியை வடித்தார். 110 குதிரைத்திறன் 175 ஆயிற்று. பழைய எஞ்சினில் அதை அப்படியே மாட்டிவிடவில்லை. கிராங்க் தண்டு, பிஸ்டன், எண்ணெய் ஓட்டம் யாவும் அதற்கென மாற்றப்பட்டன.

1930-இல் லெ மானில் பர்க்கின் மெர்சிடிஸ் வண்டியை விரட்டிய வேகம் பார்த்தோரை மலைக்கச் செய்தது. ஆனால் துருத்தி பூட்டிய இரு வண்டிகளும் எஞ்சின் பழுதாகி இடையிலேயே நின்றன. முதல் இரண்டு இடங்களையும் பெற்றவை துருத்தியில்லாத 6½ லிட்டர் பெண்ட்லிகள்.

பெண்ட்லி சொன்னதே சரி என்று நானும் முடித்திருப்பேன். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில், போ நகரில், சில மணி நேரமே நீடித்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், இலகுவான புகாட்டிகளுக்கிடையே அந்தக் கனத்த வண்டி பழுதின்றி ஓடி இரண்டாவதாக வந்தது.