அணையாடையும் உழைப்பும்

1946இல் அமெரிக்கத் தாயான மரியன் டொனவன், குளியலறைத் திரைச்சீலையை வெட்டி, குழந்தையின் அணையாடைக்கு ஈரங்கசியாத மேலுறை தைத்தார். 1961இல் அந்நாட்டின் புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம், ஒருமுறை உடுத்தி எறியும் ‘பாம்பர்ஸ்’ அணையாடையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. தாயின் சலவைச் சுமை குறைந்தது, குப்பைமேடு உயர்ந்தது.

இன்று துணிக்கு மீள்வோர் பலர். ஆயின் துணி என்பதனாலேயே நன்மை விளைந்துவிடுவதில்லை. துணியை நிறையச் சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால், புவியை வெப்பமாக்கும் அதன் பாதிப்பு 40 வீதம் குறையும் என 2008இல் வெளிவந்த பிரித்தானிய அரச ஆய்வு காட்டிற்று.

துவைத்தலும் உலர்த்தலும் உழைப்பேயன்றோ? அவ்வுழைப்பைத் தாயின் தலையில் மட்டும் மீண்டும் ஏற்றிவிட்டு, பூமியைக் காத்தோம் என நாம் பெருமை பேசலாகாது. துணி மீளட்டும்; துவைக்கும் கைகளுள் தந்தையின் கைகளும் இருக்கட்டும்.