கட்டையில் எழுதிய குலவரலாறு

மன்னர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. ஏழை மாதர்க்கு யாது உண்டு? இங்கிலாந்தில் பெட்போர்டுஷயர், பக்கிங்காம்ஷயர் கிராமங்களில் ரேந்தை பின்னிய பெண்களுக்கு விரல் நீளக் கட்டைகள் இருந்தன.

திண்டின்மீது மாதிரித் தோலை வைத்து ஊசிகள் குத்தி, பாபின் எனப்படும் மரக்கட்டைகளிலோ எலும்புக் கட்டைகளிலோ சுற்றிய நூல்களை முறுக்கியும் குறுக்கே மாற்றியும் பின்னுவதே அத்தொழில். ஐந்து வயதுக் குழந்தைகளையும் அதில் அமர்த்தி, அவ்விடத்துக்கு ரேந்தைப் பள்ளி எனப் பெயரிட்டனர். அதனைப் பள்ளி என்றழைக்க நமக்கு நாக் கூசுகிறது! முடிந்த ரேந்தை சீமாட்டியின் கழுத்துக்குச் சென்றது. பின்னியவள் பெயர் அதில் இல்லை. பாபினிலோ, புள்ளி புள்ளியாகத் துளையிட்டு வண்ணம் ஏற்றி, தாயின் பெயரையும், பிள்ளை பிறந்த நாளையும், இறந்தார் நினைவையும், காதல் மொழியையும் பொறித்து வைத்தனர். 1868-ல் பெட்போர்டில் நிகழ்ந்த தூக்குத் தண்டனையுங்கூட அவற்றில் ஏறியது. இன்று பொழுதுபோக்காக இக்கலையைப் பயில்வோர் சிலர், 1851-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ‘ரேந்தை பின்னுபவள்’ என்ற குறிப்பைக் கொண்டு தம் பாட்டிமாரைத் தேடுகின்றனர்.

இத்தொழில் நம்மவரையும் தொட்டது. 1820-ஐ ஒட்டி, நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவியாகிய மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு இதனைக் கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855-ல்தான்! அப்பெண்களின் பெயரை எந்தக் கட்டையில் யார் பொறித்தார்? நாஞ்சில் நாட்டு வழிவந்த அன்பர்கள் தம் வீட்டுப் பழம் பெட்டிகளைச் சற்றே திறந்து பார்ப்பார்களாக.