சுண்ணாம்பும் மரமும் காத்த நீல மாளிகை



பினாங்குக்குப் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டிருப்பீர்கள், கொடிமலை ரயிலேறியிருப்பீர்கள். ஆனால் ஜோர்ஜ்டவுன் லீத் தெருவில் நிற்கும் நீல மாளிகையின் முன்னால் பத்து நிமிடம் நின்றவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஒரு பழைய கட்டடத்தை இடிக்காமல், உருமாற்றாமல், எப்படிப் பழுது பார்ப்பது என்பதற்கு நம் நாட்டில் அதைவிட நல்ல பாடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

அதைக் கட்டியவர் சியோங் ஃபாட் சே என்ற சீனச் செல்வந்தர். 1840இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பத்தாவியாவுக்குக் கப்பலேறி, உழைத்து முன்னுக்கு வந்தவர். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள்! 1916இல் அவர் காலமானார். கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருந்தார். அந்த மகன் 1989இல்தான் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் வீட்டைக் கவனிக்க ஆளில்லை. அறை அறையாக வாடகைக்குப் போய், பல குடும்பங்கள் ஒட்டுக்குடித்தனம் இருந்தன. பிறகு பினாங்கைச் சேர்ந்த சிலர் சேர்ந்து வாங்கி, கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவின் மேற்பார்வையில் பழுது பார்த்தார்கள்.

"இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினா செலவு குறையுமே!" என்று நம்மில் யாரும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல, முதலில் பழைய சுவர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

நூறு வருடத்துக்கு முந்திய செங்கல் இன்றைய செங்கல் போல் கெட்டியானது அல்ல. மிருதுவானது, தண்ணீரை உறிஞ்சும். அஸ்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கிற ஏற்பாடும் அந்நாளில் பெரும்பாலும் கிடையாது. ஆகவே நிலத்து ஈரம் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். ஏறின ஈரம் வெளியே போக வழி வேண்டும் அல்லவா? அந்த வழியைக் கொடுப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்தும் பூச்சும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. ஈரம் அவற்றின் வழியே வந்து காற்றில் கலந்துவிடும். இதைத்தான் 'சுவர் மூச்சு விடுகிறது' என்கிறார்கள்.

இப்படிப்பட்ட சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகும்? மூக்கையும் வாயையும் பொத்தின கதைதான். ஈரம் உள்ளேயே தங்கும். அதனோடு வந்த உப்பு செங்கலுக்குள் பரலாக உறைந்து, பெருத்து, செங்கல்லையே மாவாக உதிர்க்கும். வெளியே பார்த்தால் சிமெண்டு பளபளவென்று இருக்கும். உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். சில வருடங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது, "பழைய கட்டடம், அப்படித்தான்" என்பார்கள். பழி கட்டடத்தின் மேல்!

சுண்ணாம்பு வேலை அவசரக்காரனுக்கு ஆகாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பொங்கும் (பிள்ளைகள் பக்கத்தில் போகவே கூடாது, கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்). அப்படி நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் என்ற பொதுக் கணக்கில் குழைப்பார்கள். பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. நெருப்பில் சுட்ட கல், காற்றுப் பட்டுத் திரும்பக் கல்லாவது வேடிக்கையாக இல்லையா?

இந்தத் தொழில் நம்மவருக்கு அந்நியமானதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்தாம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நீல மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில், ஃபார்குவார் தெருவில் நிற்கும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் அவர்கள் உழைப்பில் முடிந்தது. சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861இல் முதல் வழிபாடு நடந்தது. அதன் உட்சுவருக்குப் பூசியது 'மதராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உருண்டைக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செய்முறையை எழுதி வைத்தவர் கைதிகளுக்கு மேலதிகாரியாக இருந்த மெக்நேர் என்ற ஆங்கிலேயர். கையில் கரணை பிடித்தவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

இனி அந்த நீலத்துக்கு வருவோம். அது கடையில் வாங்கி அடித்த பெயிண்ட் அல்ல. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச்சாயத்தைச் சுண்ணாம்பு நீரில் கலந்து அடித்தது. அந்நாளில் அந்தச் சாயம் இந்தியாவிலிருந்து வந்த சரக்கு. பழுது பார்த்தவர்கள் நினைத்திருந்தால் நீல எண்ணெய்ப் பெயிண்டை அடித்துவிட்டுப் போயிருக்கலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிச் செய்யாமல் மறுபடியும் அவுரியையும் சுண்ணாம்பையுமே நாடினார்கள். சுவர் மூச்சு விட வேண்டுமே! மழையிலும் வெயிலிலும் அது சீக்கிரம் மங்கும், திரும்ப அடிக்க வேண்டும் என்பது உண்மை. அந்தச் சள்ளையை ஏற்றுக்கொண்டார்களே, அதுதான் பெரிது.

ஜன்னல்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. அந்த 220 ஜன்னல்களும் மரத்தாலானவை. சாய்வுப் பலகைகளை அடுக்கிச் செய்த கதவுகள் உடையவை. மழை உள்ளே வராது, காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்து மூளை! இந்த வகை ஜன்னல் கெட ஆரம்பிப்பது பெரும்பாலும் அடிச்சட்டத்தில்தான். தண்ணீர் தேங்குவது அங்கேதான். பலகைகள் அசையாமல் போவதற்குக் காரணம், காலங்காலமாக மேலுக்கு மேல் அடித்த பெயிண்ட். ஆக, அடியில் நாலு அங்குலம் உளுத்துப்போனதற்காக முழு ஜன்னலையும் பிடுங்கி எறிவது, கால் விரலில் புண் என்று காலையே வெட்டுவது போலத்தான்.

தேர்ந்த தச்சர் என்ன செய்வார் தெரியுமா? கதவுகளைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் எண் போடுவார். பழைய வீட்டில் ஒரு ஜன்னலின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. பெயிண்டைச் சுரண்டி, உளுத்த பாகத்தை நல்ல மரம் தட்டுப்படும்வரை அறுத்தெடுப்பார். அதே ஜாதி மரத்தில், ரேகை ஓட்டம் ஒத்துப்போகும்படி துண்டு வெட்டி, மர ஆணி அடித்து இணைப்பார். உடைந்த பலகையை மட்டும் மாற்றுவார். நம் நாட்டுப் பழைய ஜன்னல்கள் பல 'செங்கால்' போன்ற கெட்டி மரங்களில் செய்தவை (செங்கல் அல்ல, செங்கால், மலாய்க்காரர் வைத்த பெயர்). காட்டில் நெடுங்காலம் நின்று வைரம் பாய்ந்த அந்த மாதிரி மரம் இன்று காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது. கழற்றி எறிகிற பழைய சட்டம், பதிலுக்கு வாங்குகிற புதுச் சட்டத்தைவிட உயர்ந்த சரக்காக இருப்பது உண்டு.

2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் மரபுக் கட்டடப் பாதுகாப்பு விருதுகளைத் தொடங்கியபோது, அந்த முதல் ஆண்டிலேயே தலையாய விருது நீல மாளிகைக்குக் கிடைத்தது. 2008இல் ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுச் சின்னங்களாயின. மாளிகை தங்கும் விடுதியாகவும் பிழைத்துக்கொண்டது. சினிமாக்காரர்களும் வந்து போகிறார்கள்.

மாளிகைகள் இருக்கட்டும். பழைய தோட்டங்களில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சின்னக் கோயில்கள் இன்னும் அங்கங்கே மிச்சம் உள்ளன. கும்பாபிஷேகம் என்றதும் முதலில் வந்து இறங்குவது சிமெண்டு மூட்டையும் எனாமல் பெயிண்டும்தான். நல்ல மனதோடு, ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டுச் செய்கிற காரியம் அது. ஆனால் அந்தச் சுவருக்கு அது ஆகாது. திருப்பணிக் குழுவினர் வேலை தொடங்கும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். சுவரில் மறைவான ஒரு மூலையில், செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தை ஆணியால் கீறிப் பாருங்கள். கீறலே விழவில்லை என்றால் பெரும்பாலும் சிமெண்டு. வெள்ளையாக மாவு போல உதிர்ந்தால் சுண்ணாம்பு. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள்.