இருதயத்தின் தாளப் பிணைப்பும் இரைச்சலும்

சீரான கால இடைவெளியில் மின்தூண்டல் பெறும் இருதயம், தூண்டலுக்கொரு துடிப்பாகவோ, மூன்று தூண்டலுக்கு இரண்டு துடிப்பாகவோ, நிலையானதொரு விகிதத்தில் கட்டுண்டு இயங்குவது தாளப் பிணைப்பு எனப்படும். 1981-இல் மான்ட்ரியல் மக்கில் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளான குவேரா, கிளாஸ், ஷ்ரையர் ஆகியோர், கோழிக்கருவின் இருதய உயிரணுக்கள் திரண்டு தாமாகவே துடிக்கும் சிறு உருண்டைகளை மின்னால் தூண்டி, இவ்விகிதங்களையும், சில நிலைகளில் துடிப்பின் சுழற்சிக் காலம் இரட்டித்துப் பின் கிரமமிழந்து போவதையும் கண்டனர். கணிதப்படி இரு பெரிய விகிதங்களுக்கிடையே எண்ணற்ற நுண்விகிதங்கள் உளவாயினும், உயிரணுச் சவ்விலுள்ள அயனி வாயில்கள் தற்செயலாய்த் திறந்து மூடுவதால் எழும் இரைச்சல், தூண்டலின் குறுகிய எல்லைக்குள் மட்டும் நிலைக்கும் விகிதங்களை அழித்துவிட, அகன்ற எல்லையுடையவையே பரிசோதனையில் எஞ்சுகின்றன. ஆகவே, ஒழுங்கற்ற துடிப்புக்குக் காரணம் இரைச்சலா, இரைச்சலின்றியே இயக்க விதியினின்று பிறக்கும் ஒழுங்கின்மையா என்று நிர்ணயிப்பது மிகக் கடினம். இத்துறையின் ஆழமான வினாவும் இதுவே எனலாம்.

புறத்திலிருந்து வரும் இரைச்சல் வேறு வகையினது. அம்பத்தூரை அடுத்த முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற மருத்துவமனையொன்றில் துடிப்பு தவறும்போது இருதயத்தை மின்னால் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பெற்ற ஒருவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெல்டிங் நடக்குமிடத்தை மிக நெருங்கி நிற்பாராயின், கருவி அங்கெழும் மின்காந்த இரைச்சலை இருதயத் துடிப்பெனப் பிழைபடக் கொண்டு, தேவையான தருணத்தில் தூண்டலை நிறுத்திவிடக்கூடும். இவ்வபாயத்தை முன்னிட்டே, இடையறாத இரைச்சலை உணர்ந்தவுடன், இருதயத்தின் குறிப்பை எதிர்பாராது குறித்த வேகத்தில் தூண்டும் ஏற்பாடு இக்கருவிகளில் பொதுவாக அமைக்கப்படுகிறது.