நான்கு சக்கர டிஸ்க் பிரேக் மாற்றத்தில் விகித வால்வின் இடமும் எல்லையும்

1960களின் அமெரிக்கக் கார்களுக்குப் பின்புறத்திலும் டிஸ்க் பிரேக் பொருத்துவோர் எழுப்பும் முதல் கேள்வி, எந்த விகித வால்வை வாங்குவது என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். முன், பின் சக்கரங்களுக்கிடையே பிரேக் விசை எப்படிப் பிரிகிறது என்பதைக் காலிபர் பிஸ்டனின் பரப்பும், டிஸ்க்கின் ஆரமும், பேடின் உராய்வுக் குணகமும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகின்றன. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின்புறம் செல்லும் அழுத்தத்தின் ஏற்றத்தை மட்டுப்படுத்துவது ஒன்றே வால்வின் வேலை. குறைக்கத் தெரியுமே தவிர, அதற்குக் கூட்டத் தெரியாது. பின் காலிபர் அளவுக்கு மீறிச் சிறியதாக அமைந்துவிட்டால் எந்த வால்வாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

1967இல் வந்த செவர்லே கமாரோவை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கர இடைத்தூரம் 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1500 கிலோ, அதில் 55 சதவீதம் முன்புறம், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.53 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. வேகம் 0.3 ஜி வீதத்தில் குறைகையில் பின் சக்கரங்கள் மீது இன்னும் 39 சதவீதச் சுமை இருக்கிறது. 0.9 ஜி ஆகும்போது அது 28 சதவீதமாகச் சுருங்குகிறது. ஆகவே பின்புறம் ஏற்கத்தக்க பிரேக் விசையின் பங்கும் மிதியை அழுத்த அழுத்தக் குறைந்துகொண்டே போக வேண்டும். டிஸ்க் பிரேக்கோ அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில்தான் விசை தரும். அதன் பங்கு மாறாது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் வால்வின் தேவை பிறக்கிறது.

முன்புறம் 75 மி.மீ., பின்புறம் 54 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் காலிபர்களைப் பொருத்துகிறோம். டிஸ்க் ஆரமும் பேடும் இரு புறமும் ஒன்றே என்று கொள்வோம். பரப்புகளின் விகிதப்படி பின்புறத்தின் பங்கு 34 சதவீதம். இந்த நிலையான பங்கும் பின் சுமையின் இறங்கும் பங்கும் சந்திக்கும் இடம் ஏறத்தாழ 0.56 ஜி. ஈரச் சாலையில் அந்த அளவை எட்டுமுன்பே முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்; வால்வுக்கு அங்கே வேலையில்லை. காய்ந்த தார்ச்சாலையில் டயர் நன்றாகப் பிடிக்கும்போது, 0.56 ஜியைத் தாண்டியபின் முதலில் பூட்டிக்கொள்வது பின் சக்கரம். முன் சக்கரம் பூட்டினால் கார் திரும்ப மறுத்து நேரே போகும். பின் சக்கரம் பூட்டினால் வால் வீசிச் சுழலும். இரண்டில் எது கேடு என்பதில் பொறியாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஆர்13-எச் விதிமுறையும் 0.15 முதல் 0.8 ஜி வரை பின் அச்சு முந்திக்கொள்ளக் கூடாது என்கிறது.

வால்வு மட்டுப்படுத்தத் தொடங்கும் அழுத்தம், அதாவது அதன் வளைவுப் புள்ளி, எங்கே விழ வேண்டும் என்பதை இப்போது கணக்கிடலாம். 11 அங்குல டிஸ்க், 0.38 உராய்வுக் குணகம், 0.32 மீட்டர் டயர் ஆரம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், 0.56 ஜிக்குத் தேவையான அழுத்தம் சுமார் 320 பிஎஸ்ஐ. அதற்குமேல் பின் அழுத்தம் எந்தச் சாய்வில் ஏற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 0.9 ஜி வரை போட்டுப் பார்த்தால் 0.39 என்று விடை வருகிறது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வில்வுட் நிறுவனத்தின் திருகு வால்வில் வளைவுப் புள்ளியை 100 முதல் 1000 பிஎஸ்ஐ வரை நகர்த்தலாம். அதிகபட்சக் குறைப்பு 57 சதவீதம், அதாவது சாய்வு 0.43. குமிழைத் திருகினால் நகர்வது புள்ளி மட்டுமே, சாய்வு அப்படியே இருக்கும். வாங்குவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. நமக்கு வேண்டிய சாய்வைவிட இது சற்றுச் செங்குத்தானது. எனவே புள்ளியை 305 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால்தான் 0.9 ஜி வரை பின்புறம் அடங்கி நிற்கும்.

வால்வே வேண்டாம் என்போரும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று 1965இல் நான்கு சக்கர டிஸ்க்கோடு வந்த கார்வெட். சான்று சரியானதே, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் சரியில்லை. அந்தக் காரில் சக்கரத்துக்கு நான்கு பிஸ்டன்கள்: முன்புறம் 1⅞ அங்குலம், பின்புறம் 1⅜ அங்குலம். டிஸ்க் இரு புறமும் 11¾ அங்குலம். பரப்புக் கணக்கில் பின்புறத்தின் பங்கு 35 சதவீதம். நம் கமாரோவின் பங்கும் அதேதான் எனலாம். ஆனால் கார்வெட்டின் எடையில் பாதிக்கு மேல் பின்புறம் இருந்தது. 52 சதவீதம் என்றும், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் என்றும் கொண்டால், 98 அங்குல இடைத்தூரத்தில் சந்திப்பு 0.85 ஜிக்குத் தள்ளிப்போகிறது. அக்காலத்து டயர்கள் அந்த எல்லையைத் தாண்டுவது அரிது. அங்கே வால்வின் வேலையைப் பிஸ்டன் அளவும் எடைப் பகிர்வும் சேர்ந்து செய்தன. முன்கனம் மிக்க காருக்கு அந்த உதாரணத்தைப் பெயர்த்து வைப்பது கணக்கறியாத செயல்.

எதிர்த்திசையிலிருந்து வரும் வாதம் கொஞ்சம் வலுவானது: தொழிற்சாலையில் சோதித்துப் பொருத்திய கூட்டு வால்வு இருக்கையில் அதைக் கழற்றுவானேன்? 1970களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் உள்ள அந்தப் பித்தளைக் கட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன: முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதப்படுத்துவது, ஒரு சுற்றில் அழுத்தம் போனால் எச்சரிக்கை விளக்கை எரிப்பது, பின் அழுத்தத்தை மட்டுப்படுத்துவது. முதல் வேலை பின் டிரம் ஷூக்கள் சுருள்வில்லின் இழுப்பை மீறி விரியும்வரை காத்திருப்பதற்காக வைத்தது. டிரம் போனபின் அதற்குப் பொருளில்லை. மூன்றாவது வேலையில்தான் சிக்கல். டிரம்மின் ஷூ சுழற்சியோடு தானே இறுகிக்கொள்ளும். சிறிய அழுத்தத்தில் பெரிய விசை கிடைக்கும். அதற்கென்று அமைத்த வால்வு, விசைக்கு அழுத்தத்தை மட்டுமே நம்பியிருக்கும் பின் டிஸ்க்கைப் பெரும்பாலும் பட்டினி போடும். செலவழித்துப் பொருத்திய பின் டிஸ்க் அப்போது அலங்காரமாகிவிடும். தொழிற்சாலைச் சோதனை உண்மைதான், அது வேறொரு பிரேக்குக்குச் செய்த சோதனை. தக்கவைக்க வேண்டியது எச்சரிக்கை விளக்கின் சுவிட்ச்சை மட்டுமே. பழைய கட்டியை வைத்துக்கொண்டு அதன்பின் திருகு வால்வையும் தொடராகச் சேர்ப்பது இரண்டு வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவதாகும். அதைச் செய்யவே கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரின் பின் வழியில் டிரம்முக்காக வைத்த 10 பிஎஸ்ஐ எச்ச அழுத்த வால்வும் வெளியேற வேண்டும்; இருந்தால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

திருகு வால்வின் மீது உள்ள ஒரே நியாயமான குற்றச்சாட்டு, அதை யாரும் திருகிவிடலாம் என்பது. அளவுமானி வைத்துப் புள்ளியைக் குறித்து, குமிழைப் பூட்டிவைப்பதே அதற்குப் பதில். முன், பின் காலிபர்களில் காற்று நீக்கும் திருகைக் கழற்றி, அந்தத் துளைகளில் அளவுமானிகளைப் பொருத்தி, மிதியை மெதுவாக அழுத்த வேண்டும். வால்வு 300 பிஎஸ்ஐயில் இருந்தால் அதுவரை இரு முட்களும் சேர்ந்தே ஏறும். பிறகு பின்முள் தயங்கும். முன்முள் 600ஐத் தொடும்போது பின்முள் 430ஐ ஒட்டி நிற்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகச் சாலையில் போய் டயர் கீச்சிடுவதைக் கேட்டு வால்வைத் திருகுவோரின் துணிச்சலை நான் பாராட்டமாட்டேன். ஆளில்லாத திடலில் செய்யும் ஓட்டச் சோதனை அளவுமானிக்குப் பிந்தியது. கணக்குக்கு மாற்றாக அதைக் கொள்ள முடியாது.

பேட் மாற்றத்தின் விளைவையும் இங்கே சேர்க்க வேண்டும். மேற்சொன்ன கமாரோவில் பின் பேடை மட்டும் 0.45 உராய்வுக் குணகம் உள்ளதாக மாற்றினால் பின்புறத்தின் பங்கு 38 சதவீதமாகும், சந்திப்பு 0.36 ஜிக்கு இறங்கும்; புள்ளியை 305இலிருந்து 190 பிஎஸ்ஐக்கு இறக்க வேண்டிவரும். அதுவும் வால்வின் எல்லைக்குள்தான். ஆனால் அந்த நிலையில் மிதமான பிரேக்கிலேயே வால்வு வேலைசெய்யத் தொடங்கிவிடும். திருகில் ஏற்படும் சிறு பிசகும் பின்புறத்தைப் பூட்டும். 200 பிஎஸ்ஐக்குக் கீழே போனால்தான் சரிப்படும் என்று கணக்கு சொல்லுமானால், வால்வை விட்டுவிட்டுப் பின் காலிபரைச் சிறியதாக மாற்றுவதே தகும்.