நீலம் பாரித்த விரல்கள்

கைகால் விரல்கள் நீலம் பாரிப்பதைக் கண்டால் விஷம் ஏறிற்றென்றோ சாவு நெருங்கிற்றென்றோ அஞ்சுவது நம்மவர் வழக்கம். அவ்வச்சத்திற்கு மருத்துவ சாஸ்திர முறையில் விடை தேடியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மோரிஸ் ரெய்னோ என்னும் பிரெஞ்சு மருத்துவர்.

1862-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூலில் 25 நோயாளிகளின் வரலாறு இடம்பெற்றது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். குளிர் பட்டதும் விரல்கள் பிணம்போல் வெளுக்கும், பின்னர் நீலமாகும், குருதி திரும்புங்கால் சிவந்து எரியும். சிலருக்கு விரல் நுனி கறுத்து அழுகியும் போயிற்று. ஆயினும் பெரிய நாளங்களில் அடைப்பில்லை. அப்படியானால் குருதியைத் தடுத்தது யாது? நரம்புகள் மிகையாகக் கிளர்ந்து சிறு நாளங்களை இறுக்குகின்றன என்றார் ரெய்னோ. நாளங்களை நரம்புகள் ஆள்கின்றன என்பதைக் கிளாட் பெர்னார் சோதனைகளால் காட்டி அப்பொழுது பத்தாண்டுகளே ஆகியிருந்தன. (இதே ரெய்னோ, நாடகாசிரியர் மோலியேர் காலத்து மருத்துவர்களைப் பற்றியும் அவ்வாண்டிலேயே ஒரு நூல் எழுதினார்! உழைப்பாளிதான்.)

வேறு சிலருக்கோ வெளுப்பும் இல்லை, அழுகலும் இல்லை. கைகால்கள் வலியின்றி, சில்லிட்டு, ஓயாமல் நீலமாகவே இருக்கும். பெல்ஜிய மருத்துவர் குரோக் 1896-இல் இதற்கு ‘அக்ரோசயனோசிஸ்’ எனப் பெயரிட்டார். முனை, நீலம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. கண்ணுக்கு நீலம் ஒன்றே. ஆனால் ஒன்று விரலையே பறிக்கவல்லது, மற்றது தனித்து வருங்கால் பெரும்பாலும் தீங்கற்றது. இப்பிரிவினையால் எத்தனையோ பேருடைய வீண் கலக்கம் தீர்ந்திருக்கும்.

நரம்பே காரணம் என்ற கொள்கையை 1929-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அசைத்தார். விரல் நரம்புகளை மரத்துப்போகச் செய்த பின்னும் குளிர் பட்டதும் விரல் நிறம் மாறிற்று. எனவே குறை நாளத்திலேயே உண்டு என்றார். இன்றோ, இரண்டுக்கும் பங்குண்டு என்பதே மருத்துவர் கருத்து.

ஆனால் இக்கதையில் என் மனத்தைத் தைப்பது வேறொன்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்னுமிடத்தில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளரின் விரல்கள் குளிர்காலக் காலையில் வெளுத்து உணர்வற்றுப் போயின. உளியைப் பற்றும் இடக்கைக்கே பாதிப்பு அதிகம். ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவ அம்மையார் நேரிற் சென்று ஆராய்ந்து, கருவியின் அதிர்வும் குளிரும் இறுகப் பிடித்தலும் சேர்ந்தே இதனை விளைக்கின்றன என 1918-இல் அறிக்கை தந்தார். இவ்வகைத் துன்பத்தை ஈட்டுத்தொகைக்குரிய தொழில்நோய் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பட்டியலிற் சேர்த்ததோ 1985-ஆம் ஆண்டில். அதற்குள் 67 ஆண்டுகள் கடந்திருந்தன. பெட்ஃபோர்டில் அம்மையார் சோதித்த கைகளுள் பல மண்ணுக்குப் போயிருக்கும்.