மரண ரயில் பாதையில் ஒரு காதல் காட்சி

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897ஆம் ஆண்டு வெளிவந்தது. அக்கதையைத் திரையில் மட்டுமே கண்டவர்கள் நாவலைக் கையில் எடுத்தால் திகைத்துப் போவார்கள். அங்கே வரும் பிரபு வெண்மீசையும் துர்நாற்றம் வீசும் மூச்சும் உள்ளங்கையில் உரோமமும் கொண்ட கிழவன். மீனாவை அவன் காதலிப்பதில்லை. தன்னை வேட்டையாடுவோருக்கு அவள் துணைபோனதற்குத் தண்டனையாகவே அவளைத் தீண்டுகிறான். இறந்துபோன காதலி மறுபிறவி எடுத்து வருகிறாள் என்ற கதை நாவலில் இல்லை. 1974இல் டான் கேர்டிஸ் தொலைக்காட்சிக்காக எடுத்த படத்தில் அது நுழைந்தது. 1992இல் கொப்பொலா அதை மீனாவின் மீது ஏற்றியதோடு, படத்தின் பெயரிலேயே ஸ்டோக்கரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களை நான் அறிவேன். பயந்தவர்களைத்தான் காணவில்லை.

கண்டியில் இருந்துகொண்டு ட்ரான்சில்வேனியாவைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என வாசகர்கள் கேட்கலாம். இதே வேலை எங்கள் பேராதனைப் பூங்காவிலும் ஒருமுறை நடந்தது. அங்கே கலந்த காதல் பேய்க்கதையில் அல்ல, யுத்தக் கதையில். ஆனால் சயாம் - பர்மா ரயில் பாதையை விடப் பெரிய திகில் கதையை எந்த எழுத்தாளனும் கற்பனை செய்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய 'குவாய் நதிப் பாலம்' நாவலில் காதலுக்கு இடமில்லை. கைதிகளின் தளபதி ஒருவரின் பிடிவாதம், பாலத்தைத் தகர்க்கச் செல்லும் மூன்று பிரித்தானிய அதிகாரிகள், அவ்வளவே. அந்த மூவரை அனுப்பும் தலைமையகமும் கல்கத்தாவில் இருக்கிறது. 1957இல் டேவிட் லீன் இதைப் படமாக்கியபோது மூவரில் ஒருவரான ஷியர்ஸ் அமெரிக்கக் கைதியாக மாறினார். வில்லியம் ஹோல்டன் நடித்தார். தப்பி வந்து கல்கிசைக் கடற்கரையில் ஓய்வெடுக்கும் அவருக்கு வெள்ளைத் தாதி ஒருத்தி காதலியாகக் கிடைக்கிறாள். படத்தில் பெண்களே இல்லையே என்று கொலம்பியா நிறுவனத் தலைவர் ஹரி கோன் வற்புறுத்தியதன் விளைவு அக்காட்சி. லீனுக்கே அது பிடிக்கவில்லை.

கடற்கரையிலிருந்து ஷியர்ஸ் நேரே எங்கள் ஊருக்கு வருகிறார். தலைமையகக் காட்சிகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் படமாயின. மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, அதே பூங்காவில் அமைத்திருந்தார் என்பதால், அந்த ஒரு மாற்றம் நாவலை விட வரலாற்றுக்கு நெருக்கமாகிவிட்டது எனலாம். பாலம் களனி கங்கையின் மேல், கித்துல்கலவில் கட்டப்பட்டு 1957 மார்ச் மாதத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நாவலில் பாலம் தகர்வதில்லை. பெரும் செலவில் பாலம் கட்டியவர்கள் அதை வெடிக்காமல் விடுவார்களா?

எனக்கு உறுத்துவது கல்கிசைத் தாதி அல்ல. பின்னர் காட்டுக்குள் வரும் நான்கு சயாமியப் பெண்கள்தான். சுமை தூக்க ஆண்கள் கிடைக்கவில்லை, எல்லோரையும் யப்பானியர் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் சென்றுவிட்டனர், ஆகவே பெண்கள் வருகிறார்கள் என்று ஒரு விளக்கம் தரப்படுகிறது. அவர்களில் ஒருத்தியின் பார்வை ஷியர்ஸ் மீது விழுகிறது. பிடித்துச் செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளருக்குப் படம் ஒதுக்கிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் பெண்களைக் கதைக்குள் கொண்டுவருவதற்கான சாக்காக.

உண்மைக் கணக்கு வேறு. 1942க்கும் 1943 ஒக்டோபருக்கும் இடையில் 415 கிலோமீற்றர் பாதை போடப்பட்டது. நேசநாட்டுக் கைதிகள் 60,000க்கும் மேல். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் அளவில் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். கைதிகளுக்குத் தங்கள் படை மருத்துவர்களும் பெயர்ப் பட்டியலும் இருந்தன. நம்மவர்களுக்கு அவை இரண்டும் இல்லை. 1943இல் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தார்கள்.

பூல் இவர்களை அறியாதவர் அல்லர். 1936 முதல் மலாயா இறப்பர்த் தோட்டங்களில் பொறியியலாளராக இருந்தவர். தமிழ்த் தொழிலாளரை அன்றாடம் பார்த்திருப்பார். ஆயினும் அவருடைய நாவலிலும் தமிழர் எவரும் கதைமாந்தராகவில்லை. ஆக, முழுப் பழியையும் திரைப்படத்தின் தலையில் போட எனக்கு மனமில்லை. நாவல் விட்டுவைத்த வெற்றிடத்தைப் படம் காதலால் நிரப்பியது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. திரைக்கதை விருது, அதை எழுதாத பூலுக்கே போனது; உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும் கம்யூனிஸ்ட் முத்திரையால் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் இறந்த பின் 1984இல்தான் அந்த விருது அவர்களுக்குரியதானது.

நான் இப்படத்தை முதலில் பார்த்தது 1982இல், பன்னிரண்டு வயதில், கண்டி நகரத் திரையரங்கொன்றில். தோட்டப் பாடசாலை ஆசிரியரான அப்பா அழைத்துச் சென்றார். அந்தச் சீழ்க்கை மெட்டை வீடு வரும் வரை ஊதிக்கொண்டே வந்தேன். வீட்டில் அப்பாயி இருந்தார். முசிறிப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். மண்டபம் முகாம் வழியாக ஹந்தானைக்கு வந்தவர். அவருடைய தம்பி நாகபட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். யுத்தம் வந்ததும் கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், தம்பியைச் சயாமுக்குப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று எழுதியனுப்பினார். அதற்குமேல் செய்தி இல்லை.

"சயாம் ரயில் படமாமே, அதுல நம்ம ஆளுங்க இருந்தாங்களாடா?" என்று அப்பாயி கேட்டார்.

"வெள்ளைக்காரங்கதான் பாலம் கட்டுறாங்க, அப்பாயி. ஒரு நர்ஸ் வர்றா" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாயி அடுப்படிக்குப் போய்விட்டார்.

சயாமுக்குப் போன நம்மவர்களின் கதையை மலேசியத் தமிழர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை வாசகர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். இரண்டையும் நான் படித்தது அப்பாயி இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.